டெக்சாஸில் என் 13 வயது மகளுக்கு வைத்தியம் பார்க்கவே முடியாதா? – ஒரு தாயின் கேள்வி, வழக்கறிஞர் பதில்

டாலஸ் புறநகர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதிய நீண்ட கடிதம் இது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு ஐடி வேலை, ஹெச்-1பி என்ற தற்காலிக வேலை விசா. நிரந்தரக் குடியுரிமை அட்டையான கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 மனுவுக்கு அனுமதி கிடைத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்த வரிசையில் காத்திருக்கிறார்கள். பிள்ளைகள் இருவரும் அமெரிக்காவில் பிறந்தவர்கள். மூத்த பிள்ளைக்கு 13 வயது. ஆண் குழந்தையாகப் பிறந்து, ஒன்பது வயதிலிருந்து "நான் பொண்ணும்மா" என்று சொல்லி வருபவள். முதலில் விளையாட்டு என்று நினைத்தார்கள், அப்புறம் அதட்டினார்கள், பிறகு ஒரு குழந்தைகள் உளவியல் ஆலோசகரிடம் கூட்டிப் போனார்கள். இரண்டு வருடமாக ஆலோசனை நடக்கிறது. இப்போது குரல் உடையத் தொடங்கியிருக்கிறது. சனிக்கிழமை பாட்டு வகுப்புக்குப் போவதை அவள் நிறுத்திவிட்டாள். வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டது.

பருவ வளர்ச்சியைத் தள்ளிப்போடும் ஊசியைப் பற்றி வழக்கமான குழந்தை மருத்துவரிடம் கேட்டதற்கு, "இந்த மாநிலத்தில் என்னால் முடியாது" என்பதோடு அவர் பேச்சை முடித்துக்கொண்டார். "கேஸ் ஆகிவிட்டால் கிரீன் கார்டும் போகும், பிள்ளையையும் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும்" என்று கணவர் பயப்படுகிறார். "அந்த மாத்திரையெல்லாம் இங்கே கடையில் வாங்கி அனுப்புகிறேன், அக்கா" என்கிறார் சென்னையிலுள்ள தம்பி. "லீவுக்கு இங்கே அனுப்பு. நமக்குத் தெரிஞ்ச டாக்டர் ஆறு மாசத்துல சரி பண்ணிடுவார்" என்கிறார் கோயம்புத்தூரிலுள்ள மாமியார்.

"பேசாமல் கலிஃபோர்னியாவுக்குக் குடிபோய்விடலாமா? ரயிலில் கைதட்டிக் காசு கேட்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். என் பிள்ளைக்கும் அந்தக் கதிதானா? உடனே எதுவும் செய்யாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று வேறு படிக்கிறேன்" என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள சகோதரி,

சட்டம் தடுத்திருப்பது எது, தடுக்காதது எது, தடுத்துவிடுமோ என்று நீங்கள் இருவரும் பயப்படுவது எது என்ற மூன்றும் உங்கள் கடிதத்தில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. இந்த விஷயத்தில் அரசியல்வாதிகள் பேசுவதும் சட்டப் புத்தகத்தில் இருப்பதும் ஒன்றல்ல. ஆனால் பேச்சு மட்டும்தான் வாட்ஸ்அப்பில் வருகிறது. மூன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி முடிவுகள் தாமாகவே தெளிவாகும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் என் தொழில் என்றாலும் நான் உரிமம் பெற்றிருப்பது வேறு மாநிலத்தில். இதைப் பொதுவான விளக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். எந்த அடியெடுத்து வைப்பதற்கு முன்பும் டெக்சாஸ் வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுங்கள்.

சட்டம் உண்மையில் தடுத்திருப்பது

செனட் மசோதா 14 என்ற சட்டத்தில் ஆளுநர் கிரெக் அபாட் 2023 ஜூனில் கையெழுத்திட்டார். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது அமலில் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பாலின மாற்றத்துக்காகப் பருவத் தடுப்பு மருந்தோ ஹார்மோனோ கொடுப்பதையும், அறுவை சிகிச்சை செய்வதையும் அது தடை செய்கிறது. மீறுகிற மருத்துவரின் உரிமம் பறிபோகும். உங்கள் குழந்தை மருத்துவர் பேச்சை வெட்டிக்கொண்டதற்கு இதுதான் காரணம். மனிதர் கல்நெஞ்சக்காரர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தச் சட்டத்தின் பேரில் டெக்சாஸ் அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) கென் பாக்ஸ்டன் 2024 கடைசியில் சில மருத்துவர்கள் மீது வழக்கே போட்டார். அதைப் பார்த்த மற்றவர்கள் பேசவே தயங்குகிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நீங்கள் கேட்ட அதே ஊசி டெக்சாஸில் இன்றும் குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. ஏழெட்டு வயதிலேயே பருவ மாற்றம் தொடங்கிவிடுகிற குழந்தைகளுக்கு அதைத் தள்ளிப்போடப் பல பத்தாண்டுகளாகப் பயன்படும் மருந்துதான் அது. அவர்களுக்குச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. அதாவது தடை இருப்பது மருந்துக்கு அல்ல, அதை எந்தக் காரணத்துக்காகக் கொடுக்கிறார்கள் என்பதற்கு.

நீதிமன்றம் போனால் என்ன என்று கேட்பீர்கள். போய்ப் பார்த்துவிட்டார்கள். பிள்ளைக்கு எந்த வைத்தியம் என்று தீர்மானிப்பது பெற்றோரின் உரிமை என்று உங்களைப் போன்ற பெற்றோர்கள் வாதாடினார்கள். 2024 ஜூன் 28 அன்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்றது. பெற்றோர் உரிமை உண்டு, ஆனால் மருத்துவத் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டமன்றத்தின் அதிகாரத்தை அது கட்டுப்படுத்தாது என்பது சாரம். அடுத்த ஆண்டு ஜூன் 18-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், டென்னசி மாநிலத்தின் இதேபோன்ற சட்டத்தை 6-க்கு 3 என்று உறுதி செய்தது. சிகிச்சையை வயதையும் நோக்கத்தையும் வைத்துத்தான் சட்டம் பிரிக்கிறது, பாலினத்தை வைத்து அல்ல என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். நீதிபதி சோட்டோமேயர் கடுமையாக மறுத்து எழுதினார்.

இந்தத் தீர்ப்பு வந்த அன்று "நாடு முழுக்கத் தடை" என்று எனக்கே பத்துப் பேர் செய்தி அனுப்பினார்கள். அப்படி அல்ல. தடை போட விரும்பும் மாநிலம் போடலாம், போடாத மாநிலத்தை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதுதான் அதன் பொருள். 25-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் தடையோ கட்டுப்பாடோ கொண்டுவந்திருக்கின்றன. முதலில் தொடங்கியது 2021-இல் ஆர்கன்சா. அங்கே குடியரசுக் கட்சி ஆளுநரே வீட்டோ செய்தும் சட்டமன்றம் அதை மீறி நிறைவேற்றியது.

என் அபிப்பிராயம், இந்த முடிவு மருத்துவரும் குடும்பமும் உட்கார்ந்து எடுக்க வேண்டியது. தேர்தல் மேடைக்கு உரியது அல்ல. ஆனால் என் அபிப்பிராயம் உங்களுக்கு மருந்து வாங்கித் தராது. டெக்சாஸில் உங்கள் மகளுக்கு 18 வயது ஆகும்வரை எந்த மருத்துவரும் சட்டப்படி அந்த மருந்தை எழுத முடியாது. இதை வைத்துத்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு

தடையை எதிர்க்கிறவர்கள் "அறிவியல் முடிவு செய்துவிட்டது" என்கிறார்கள். ஆதரிக்கிறவர்கள் "குழந்தைகளைச் சிதைக்கிறார்கள்" என்கிறார்கள். இரண்டையுமே நம்பிவிடாதீர்கள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் சங்கமும், தகுந்த மதிப்பீட்டுக்குப் பிறகு இந்தச் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டில் நின்று தடைச் சட்டங்களை எதிர்த்திருக்கின்றன. அதே நேரம் இங்கிலாந்தில் டாக்டர் ஹிலரி காஸ் தலைமையில் நடந்த ஆய்வு, பருவத் தடுப்பு மருந்துக்கான ஆதாரம் பலவீனமாக இருக்கிறது என்று 2024 ஏப்ரலில் சொன்னது. அங்கே ஆராய்ச்சிக்கு வெளியே 18-க்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இந்த மருந்தைப் புதிதாகத் தொடங்குவது நிறுத்தப்பட்டிருக்கிறது. சுவீடனும் பின்லாந்தும் அதற்கு முன்பே நிபந்தனைகளை இறுக்கிவிட்டன. எலும்பு அடர்த்தி, பிற்காலத்தில் குழந்தை பெறும் வாய்ப்பு, நீண்டகால விளைவு ஆகிய கேள்விகள் மருத்துவர்கள் நிஜமாகவே கேட்கிற கேள்விகள். யாராவது உங்களிடம் இவற்றைப் பேசாமலே மருந்து தர முன்வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

காத்திருப்பதற்கும் விலை உண்டு, அதை உங்கள் வீட்டில் நீங்களே பார்க்கிறீர்கள். ஒருமுறை ஆண் குரலாகத் தடித்துவிட்டால் பிற்காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் எடுத்தாலும் குரல் பழையபடி மெலியாது. தாடை, தோள், உயரமும் அப்படித்தான். அதனால் "18 வரைக்கும் பொறுத்தால் எதுவும் குறையாது" என்று சொல்கிறவர்களும் முழு உண்மையைச் சொல்லவில்லை.

"சிகிச்சை என்றால் ஆபரேஷன்தானே" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகளின் வயதில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தடை இல்லாத மாநிலங்களிலும் இந்த வயதில் பேசப்படுவது முதலில் மனநல மதிப்பீடு, பிறகு தேவையென்றால் பருவத் தடுப்பு மருந்து, ஹார்மோன் அதற்கும் பிறகுதான்.

பிள்ளையை எடுத்துக்கொண்டு போவார்களா?

உங்கள் கணவரின் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். இந்தப் பயம் ஆகாயத்திலிருந்து குதித்ததும் அல்ல. 2022 பிப்ரவரியில், பிள்ளைக்கு இத்தகைய சிகிச்சை கொடுப்பது குழந்தை வன்கொடுமை ஆகலாம் என்று பாக்ஸ்டன் ஒரு கருத்துரை வெளியிட்டார். அதை வைத்து, அப்படிப்பட்ட குடும்பங்களை விசாரிக்கும்படி ஆளுநர் அபாட் குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்குக் கடிதம் எழுதினார். சில குடும்பங்களின் கதவை அதிகாரிகள் தட்டவும் செய்தார்கள்.

பிறகு நடந்தது அவ்வளவாகப் பரவவில்லை. அந்தத் துறையின் விசாரணைகளை இப்படி இயக்க ஆளுநருக்கோ அட்டர்னி ஜெனரலுக்கோ அதிகாரம் இல்லை என்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றமே 2022 மே மாதம் சொல்லிவிட்டது. வழக்குத் தொடர்ந்த குடும்பங்களுக்கும், பிஃப்ளாக் என்ற பெற்றோர் அமைப்பின் உறுப்பினர்களுக்கும் கிடைத்த இடைக்காலத் தடையை 2024 மார்ச்சில் ஆஸ்டின் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. அந்தத் தடையின் இன்றைய நிலையை உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பிஃப்ளாக்கில் சேர்வதைப் பற்றியும் அப்போதே கேளுங்கள்.

நீங்கள் இதுவரை செய்தது என்ன? ஆலோசகரிடம் கூட்டிப் போனீர்கள், மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். செனட் மசோதா 14 இவற்றில் எதையும் தடுக்கவில்லை. அது மருத்துவரைக் கட்டுப்படுத்தும் சட்டம். அதில் பெற்றோருக்குத் தண்டனை கிடையாது. மகளைப் பெண் பெயரில் கூப்பிடுவது, பாவாடை வாங்கித் தருவது, முடி வளர்க்க விடுவது எதுவும் குற்றமல்ல.

அப்படியும் ஒருநாள் அதிகாரி யாராவது வந்தால்? பயந்துபோய் எல்லாவற்றையும் ஒப்பிக்கவும் வேண்டாம், சண்டை போடவும் வேண்டாம். வழக்கறிஞர் வரும்வரை பேசாமலிருக்கவும், நீதிமன்ற உத்தரவு இல்லையென்றால் வீட்டுக்குள் விட மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. இந்த உரிமைகளை அதிகாரியே உங்களிடம் சொல்ல வேண்டும் என்று 2023-இல் டெக்சாஸ் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. ஒரு வழக்கறிஞரின் எண்ணை இப்போதே போனில் பதிந்து வையுங்கள்.

கிரீன் கார்டு விஷயத்துக்கு வருகிறேன். திருநங்கை மகளுக்கு அப்பாவாக இருப்பது குடிவரவுச் சட்டத்தில் எந்தப் பிரிவிலும் குற்றமல்ல. குழந்தையைக் கொடுமைப்படுத்தியதாக நீதிமன்றத்தில் தண்டனை பெறுவதுதான் விசாவைப் பாதிக்கும் விஷயம். விசாரணை வேறு, தண்டனை வேறு. இந்தப் பத்தியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பள்ளிக்கூடத்தில் மட்டும் நிலைமை இறுகியிருக்கிறது. 2025-இல் நிறைவேறிய செனட் மசோதா 12, பெயர், உடை போன்றவற்றில் பிள்ளை பாலினம் மாறுவதற்குப் பள்ளி ஊழியர்கள் உதவக் கூடாது என்கிறது. மகளைப் புதிய பெயரில் கூப்பிட மறுக்கும் ஆசிரியரோடு மல்லுக்கு நின்று பயனில்லை. கேலியும் அடிதடியும் நடந்தால் அது வேறு. அதற்கான புகாரை எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளி மாநிலம் போவது

டெக்சாஸ் பெற்றோர் பிள்ளையை வேறு மாநிலத்து மருத்துவரிடம் கூட்டிப் போவதைச் செனட் மசோதா 14 தடுக்கவில்லை. பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவிலும், கலிஃபோர்னியா, வாஷிங்டன், மினசோட்டா போன்ற மாநிலங்களிலும் இப்படி வருகிற குடும்பங்களின் தகவலைப் பாதுகாக்கத் தனிச் சட்டங்கள் உள்ளன. 2023 கடைசியில் சியாட்டல் குழந்தைகள் மருத்துவமனையிடம் டெக்சாஸ் பிள்ளைகளின் விவரத்தைப் பாக்ஸ்டன் கேட்டார். மருத்துவமனை வழக்குப் போட்டது. அடுத்த ஏப்ரலில் சமரசம் ஆகி அவர் கோரிக்கையைக் கைவிட்டார்.

வீடியோ ஆலோசனையில் ஒரு கண்ணி இருக்கிறது, பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பதைவிடப் பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் சட்டத்துக்கு முக்கியம். மகள் டாலஸ் வீட்டில் இருந்தபடி பேசினால் அந்த வைத்தியம் டெக்சாஸில் நடந்ததாகவே கருதப்படும்.

கலிஃபோர்னியா போய்விட்டால் எல்லாம் தீர்ந்தது என்ற நம்பிக்கையை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். மாநிலச் சட்டம் அனுமதித்தாலும், மருத்துவமனைகளின் கழுத்தில் மத்திய அரசு கை வைத்திருக்கிறது. அதிபர் டிரம்ப் 2025 ஜனவரி 28 அன்று பிறப்பித்த உத்தரவு, 19 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இந்தச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளின் மத்திய நிதியைக் குறிவைத்தது. 18 அல்ல, 19 என்பதைக் கவனியுங்கள். மேரிலாந்திலும் வாஷிங்டனிலும் மத்திய நீதிபதிகள் நிதி வெட்டுக்குத் தடை விதித்தார்கள். இருந்தும், 2025 ஜூலை 22 அன்று லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகள் மருத்துவமனை பல பத்தாண்டுகளாக நடத்திவந்த இந்தப் பிரிவையே மூடிவிட்டது. அதுவும் கலிஃபோர்னியாவில்! அதே மாதம் மத்திய நீதித்துறை இருபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களுக்கும் கிளினிக்குகளுக்கும் ஆவணம் கேட்டு சம்மன் அனுப்பியது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்த சம்மனை ஒரு நீதிபதி ரத்து செய்தார். இழுபறி இன்னும் ஓயவில்லை.

அதனால் எந்த ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பும் அந்தக் கிளினிக்குக்கே போன் செய்து கேளுங்கள்: புதிய நோயாளிகளை எடுக்கிறீர்களா, எந்த வயதிலிருந்து, எவ்வளவு காத்திருப்பு, எங்கள் இன்சூரன்ஸ் செல்லுமா? தெற்கு மாநிலக் குடும்பங்களுக்கு இப்படிக் கிளினிக் தேடித் தரவும் பயணச் செலவில் கொஞ்சம் கைகொடுக்கவும், கேம்பெயின் ஃபார் சதர்ன் ஈக்வாலிட்டி என்ற அமைப்பு ஒரு திட்டம் நடத்துகிறது.

குடியே மாறுவதென்றால் விசா கணக்கு இருக்கிறது. ஹெச்-1பி வேலையிடம் வேறு நகர்ப் பகுதிக்கு மாறினால், கம்பெனி முதலில் திருத்திய மனு தாக்கல் செய்ய வேண்டும். "வீட்டிலிருந்துதானே வேலை, எங்கிருந்தால் என்ன" என்று சொல்லாமல் மாறிப் பிறகு தவித்தவர்களை எனக்குத் தெரியும். கிரீன் கார்டுக்கான முதல் படியான பெர்ம் விண்ணப்பமும் வேலையிடத்தோடு கட்டுண்டது. இடம் மாறினால் புதிதாகத் தொடங்க வேண்டிவரலாம். ஆனால் ஐ-140 அனுமதி இருப்பதால் உங்கள் பிரயாரிட்டி டேட் பொதுவாகக் கைவிட்டுப் போகாது. வரிசையில் உங்கள் இடம் அப்படியே இருக்கும், காகித வேலை மட்டும் இரண்டாம் முறை. கம்பெனி வழக்கறிஞரிடம் கேட்கும்போது காரணம் சொல்ல வேண்டியதில்லை. குடும்ப விஷயமாக ஊர் மாற நினைக்கிறோம் என்றால் போதும்.

இன்னொன்றும் உண்டு, கேட்க உங்களுக்குக் கசக்கும். கணவர் சம்மதிக்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு நீங்கள் மட்டும் கிளம்பிவிடாதீர்கள். பிள்ளை கடைசி ஆறு மாதம் வாழ்ந்த மாநிலத்தின் நீதிமன்றத்துக்குத்தான் பொதுவாகக் குழந்தைப் பொறுப்பு வழக்கில் அதிகாரம். கணவர் டாலஸில் வழக்குப் போட்டால், உங்கள் மகளின் விஷயம் டெக்சாஸ் நீதிபதி முன்னால் போய் நிற்கும். உங்களுக்கு ஆகவே ஆகாத இடம் அதுதான். உங்கள் கடிதம் முழுக்க அவர் பயந்திருக்கிறாரே தவிர, மகளை வெறுப்பதாக எனக்குத் தெரியவில்லை. அவரை இழுத்துக்கொண்டு போவதைவிட, அவர் கூடவே வரும் வேகத்தில் போவது நல்லது.

சென்னையிலிருந்து வரும் மாத்திரை

வேண்டாம். உங்கள் தம்பியின் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் ரத்தப் பரிசோதனையும் மருத்துவர் கண்காணிப்பும் இல்லாமல் 13 வயதுப் பிள்ளைக்கு ஹார்மோன் கொடுத்தால் ரத்தம் உறையும் அபாயம், எலும்பு வளர்ச்சியில் கோளாறு, கல்லீரல் பாதிப்பு என்று எது வரும் என்று சொல்ல முடியாது. சட்டக் கோணமும் உண்டு. மேலே, பெற்றோருக்குச் சட்டத்தில் தண்டனை இல்லை என்றேன். மருத்துவர் சீட்டு இல்லாமல் வெளிநாட்டு மருந்தை நீங்களே பிள்ளைக்குக் கொடுத்தீர்கள் என்றால் அந்த வாதம் உங்களுக்கு உதவாது. உங்கள் கணவர் பயப்படுகிற விசாரணைக்கு நீங்களே காரணம் கொடுத்த மாதிரி ஆகும்.

மகளின் போனிலும் ஒரு கண் வையுங்கள். பெரியவர்கள் கதவை மூடினால் பிள்ளைகள் இணையத்தில் தாங்களே மருந்து தேடுகிறார்கள். அதட்டாமல், "அப்படி ஏதாவது தோன்றினால் முதலில் என்னிடம் சொல்" என்று சொல்லி வையுங்கள்.

கோயம்புத்தூர் வைத்தியம்

மாமியார் சொல்லும் "ஆறு மாசத்துல சரி பண்ற" டாக்டரிடம் தயவுசெய்து அனுப்பாதீர்கள். இப்படி "மாற்றும்" வைத்தியத்தைத் தடை செய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று உத்தரவிட்டார். தனக்கே இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று சொல்லி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டுவிட்டுத்தான் அவர் அந்த உத்தரவை எழுதினார். அதைத் தொடர்ந்து 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம், இத்தகைய வைத்தியம் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அந்த டாக்டர் செய்வதாகச் சொல்வது இந்தியாவிலேயே அவர் உரிமத்துக்கு வேட்டு வைக்கும் காரியம். பாட்டியைப் பார்க்க மகள் தாராளமாக ஊருக்குப் போகட்டும், நீங்கள் கூடப் போங்கள்.

ரயிலில் நீங்கள் பார்த்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களில் பலர் பதினான்கு, பதினைந்து வயதில் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள், பள்ளிக்கூடம் பாதியில் நின்றவர்கள். கைதட்ட வைத்தது அந்த வறுமைதான். உங்கள் மகளுக்கு வீடு இருக்கிறது, படிப்பு இருக்கிறது. நம்மூரிலேயே நர்த்தகி நடராஜ் பரதத்துக்காக 2019-இல் பத்மஸ்ரீ வாங்கினார். பிரித்திகா யாஷினி நீதிமன்றம் போய் உரிமையை வாங்கி, 2017-இல் காவல் உதவி ஆய்வாளரானார். மாமியாரிடம் பேசும்போது இவர்கள் பெயரைச் சொல்லிப் பாருங்கள். சட்டப் பிரிவுகளைவிட அது வேலை செய்யும் என்று நினைக்கிறேன்.

உயிர் ஆபத்து என்ற பேச்சு

"மருந்து இல்லாவிட்டால் பிள்ளை இருக்காது" என்ற வாக்கியத்தை அரசியல் வாதத்துக்காகப் பலர் எழுதுகிறார்கள். திருநர் இளைஞர்களிடையே மனவேதனையும் தற்கொலை எண்ணமும் மற்றவர்களைவிட அதிகம் என்பது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் ஒன்றல்ல. மருந்து ஒன்றே தீர்வு என்று காட்டும் ஆதாரமும் அவ்வளவு உறுதியாக இல்லை. டென்னசி வழக்கில் சிகிச்சைக்காக வாதாடிய தரப்பே, தற்கொலை மரணங்கள் நல்லவேளையாக அரிது என்று உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. இந்த வாக்கியத்தை மகளின் காதில் விழும்படி பேசாதீர்கள். "எனக்கு இது கிடைக்காவிட்டால் நான் செத்துவிடுவேன் போலிருக்கிறது" என்று ஒரு பிள்ளை தன்னைப் பற்றிக் கற்றுக்கொள்ளக் கூடாது.

ஆனால் பாட்டு வகுப்பை நிறுத்தியது, பேச்சைக் குறைத்தது எல்லாம் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். ஆலோசகரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். சாக வேண்டும் போலிருக்கிறதா என்று மகளிடம் நேராகவே கேட்கலாம்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவசரமென்றால் எந்த நேரமும் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழைக்கலாம். அதில் இந்த இளைஞர்களுக்கென்று இருந்த தனிப் பிரிவை 2025 ஜூலையில் அரசு நிறுத்திவிட்டது, பொது உதவி தொடர்கிறது. ட்ரெவர் ப்ராஜெக்ட் என்ற அமைப்பின் சொந்த உதவி எண்ணும் இயங்குகிறது.

டெக்சாஸிலேயே இன்று செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, உங்கள் கடிதத்தில் அது வரவே இல்லை. குரல் பயிற்சி. பேச்சுப் பயிற்சி நிபுணர்களில் சிலர் இதற்கென்றே தேர்ச்சி பெற்றவர்கள். மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை, செனட் மசோதா 14 இதைத் தொடவும் இல்லை. உடைந்த குரலை அது திருப்பித் தராது. ஆனால் தன் குரலை என்ன செய்ய முடியும் என்று அவளுக்கே பிடிபடும். முகத்தில் முடி வந்தால் அதை அகற்றும் லேசர் சிகிச்சையும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இல்லை. பாட்டு டீச்சரிடமும் பேசிப் பாருங்கள், கூட்டத்தோடு பாடாமல் தனியாகக் கீழ் சுருதியில் கொஞ்ச நாள் பாட முடியுமா என்று.

உங்களைப் போலவே இட்லி மாவு அரைத்துக்கொண்டு இதே கேள்விகளோடு உட்கார்ந்திருக்கும் தெற்காசிய அம்மா அப்பாக்கள் அமெரிக்காவில் நிறையப் பேர். தேசி ரெயின்போ பேரண்ட்ஸ் அண்ட் அலைஸ் என்ற பெயரில் அவர்கள் இணையத்தில் கூடிப் பேசுகிறார்கள். முதல் தடவை கேமராவை அணைத்துவைத்துக் கேட்டுவிட்டு வரலாம். கணவரையும் உட்கார வையுங்கள். வழக்கறிஞர் சொல்வதைவிட இன்னொரு அப்பா சொன்னால் அவர் காதில் ஏறும்.

டெக்சாஸ் வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது ஆலோசகரின் குறிப்புகள், பள்ளியிலிருந்து வந்த மின்னஞ்சல்கள், ஐ-140 அனுமதிக் கடிதம் மூன்றையும் எடுத்துப் போங்கள். முதல் சந்திப்புக்கு அவை போதும்.